கடைசி வண்டி வந்து சேரும் வரை: நம் மோட்டார் சைக்கிள் கழகத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் இயங்கும் நம் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்குக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் உங்கள் அறிவித்தல் வந்தது. மூன்றே வரி. இனிமேல் ஒப்சேவராக, அதாவது பழகுகிறவருக்குப் பின்னால் போய் ஓட்டத்தைக் கவனித்துச் சொல்லிக்கொடுக்கிறவராக, இருப்பவர் 150 சிசிக்குக் குறையாத மோட்டார் சைக்கிள் வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வாராவாரம் நடக்காது, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். மிஞ்சும் ஞாயிறுகள் நெடுந்தூரப் பயணங்களுக்கு ஒதுக்கப்படும். அறிவித்தலைப் போட்ட கையோடு, அட்மின் தவிர வேறு எவரும் எழுத முடியாதபடி குழுவை மாற்றியும் விட்டீர்கள். கேள்வி கேட்க இடமில்லாமல் போனதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுவது 110 சிசி ஸ்கூட்டி. 2018இலிருந்து ஒப்சேவராக இருந்து வந்தேன். உங்கள் புது விதி என்னையும் வெளியே போட்டுவிட்டது, எனக்கு அது வலிக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று வரியில் போனது நான் மட்டுமல்ல. பதினொரு ஒப்சேவர்களில் ஏழு பேர் போய்விட்டார்கள். மிச்சம் நாலு பேர். அதில் ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதமாகிறது. இன்னொருவருக்கு ஞாயிறும் கடமை. ஆக, இரண்டு பேர். இந்தக் கணக்கை உங்களில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிஸ்ஸி என்பார்கள். கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பார்க்க நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று நாள் முழுக்க வீதியில்தான் என் வேலை. 2016 தை மாதம் ஒரு கிளினிக் முடித்துத் திரும்பும்போது நிலாவெளிப் பக்கம் ஒரு வளைவில் விழுந்தேன். வாடைக் காற்று கடற்கரை மணலைக் கொண்டுவந்து தாரின் மேல் மெல்லிசாகப் பரப்பியிருந்தது. வளைவைத் திரும்பியதும் நடுவீதியில் ஒரு கட்டாக்காலி மாடு. பயத்தில் வலக்கைப் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினேன். முன் சக்கரம் எனக்குக் கீழே இருந்து உருவிக்கொண்டு போனது இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. இடது மணிக்கட்டு முறிந்தது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் ஓடிவந்து என்னை ஓட்டோவில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் நமது பக்கம் வந்திருக்கவில்லை.

கை சரியான பிறகு ஸ்கூட்டியைத் தொடவே பயமாக இருந்தது. அப்போதுதான் நம் கழகத்தைத் தொடங்கிய பெரியவரிடம் போனேன். உங்களில் மூன்று பேருக்கு அவரைத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். அங்கே 1956இல் தொடங்கிய மேம்பட்ட வாகன ஓட்டுநர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் சோதனையில் தேறியவர். அந்த நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் குழுக்கள் உண்டு. சோதனைக்கு ஆயத்தமாகும் ஒருவருக்குப் பின்னால் பழகிய ஒருவர் தன் வண்டியில் போவார், கவனிப்பார், பிறகு ஓரமாக நிறுத்திக் கண்டதைச் சொல்வார். அவருக்குத்தான் ஒப்சேவர் என்று பெயர். அதற்குச் சம்பளம் கிடையாது. முழுக்கத் தொண்டு. அந்த ஏற்பாட்டைத்தான் பெரியவர் இங்கே கொண்டுவந்தார். பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் அவர் என்னை வண்டி ஓட்டச் சொல்லவில்லை. நான் விழுந்த அதே வளைவுக்குக் கூட்டிப்போய் வீதியோரம் நிற்கவைத்தார்.

"பிள்ளை, இங்க இருந்து எதுவரைக்கும் வீதி தெரியுது?"

"அந்தச் சாய்ஞ்ச பனை வரைக்கும்."

"அப்ப அந்தப் பனைக்கு முன்னால நிப்பாட்டக்கூடிய வேகத்தில வா. பனை தள்ளிப் போகப் போக நீயும் கூட்டு. பனை கிட்ட வந்தா நீயும் குறை. அவ்வளவுதான் விசயம்."

இங்கிலாந்துப் பொலிஸ் பயிற்சியிலிருந்து வந்த முறையில் ஐந்து படி உண்டு: தகவல், நிலை, வேகம், கியர், முடுக்கம். பெரியவர் அதை எங்களுக்கு, "பார், இடம் எடு, வேகத்தைக் குறை, கியரைப் போடு, பிறகு முறுக்கு" என்று சொல்லித்தந்தார். இன்றைக்கும் நம் ஊர் அனுராதபுரச் சந்தியை நெருங்கும்போது வாய் தானாகவே அதை முணுமுணுக்கிறது. பத்து வருடமாக நான் விழவில்லை.

நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிய ஞாயிற்றுக்கிழமை என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைசியாக உங்களில் ஒருவர் அங்கே வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

காலை ஆறரைக்குப் பாடசாலை மைதானத்தில் கூடுவோம். வெயில் ஏறுமுன் தொடங்கினால்தான் சரி. மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்து அதற்குள்ளே நடைவேகத்தில் வளைந்து ஓடச் சொல்வோம். பிறகு பிரேக். நாற்பதில் வந்து நிறுத்த வேண்டும். ஒரேயடியாகப் பிடிக்காமல், முதலில் தொட்டு, வண்டியின் பாரம் முன்னுக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். கேட்கச் சின்ன விசயம். ஆனால் விரல்களுக்கு அது பழக இருபது முப்பது தடவை தேவை. வருகிறவர்கள் யார்? லைசன் எடுத்து ஒரு மாதமான பிள்ளைகள். திருக்கடலூரிலிருந்து மீன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடும் தம்பிமார். நிலாவெளி ஹோட்டல்களில் வேலை முடித்து நடுச்சாமத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள். பக்கத்து ஊர்களிலிருந்து சிங்களப் பெடியன்களும் வருகிறார்கள். பாதிக் கதை கைப்பாசையில்தான் நடக்கும், ஆனால் பிரேக் பிடிப்பதில் குழப்பம் வந்ததில்லை.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ரீச்சர் எங்களோடு ஒப்சேவராக இருந்தார். இருந்தார் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, அவருடையதும் ஸ்கூட்டி. போன வருடம் ஒரு பிள்ளை முதல் தடவையாக வந்தது. அபாயா, நீளமான சால்வை. ரீச்சர் அந்தப் பிள்ளையை ஓடவிடுமுன் மண்ணில் முழங்காலில் இருந்தார். அபாயாவின் ஓரத்தை மடித்து உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டைப் போட்டார். சால்வையின் நுனியைச் சட்டைக்குள் செருகினார். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, துணி எங்கேயாவது எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். இரண்டு தடவை சுற்றினார். "இப்ப போங்க மகள்" என்றார். சேலை முந்தானையும் சால்வையும் சக்கரத்தில் சுற்றிப் பெண்கள் விழுவதை வீதியில் போகிற எல்லோரும் ஒருநாளாவது பார்த்திருப்போம். ஜீன்ஸும் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு 250 சிசி ஓட்டுகிற ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வருமா? வராது. அது அவருடைய குற்றமும் இல்லை. ஆனால் வருகிறவரை ஏன் அனுப்பினீர்கள்?

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு கியூஆர் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்த மாதங்களிலும் ஞாயிறு நிற்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு வண்டியை ஒருவர் தள்ள ஒருவர் இருந்து நிதானம் பழக்கினோம். வீதியோரம் நின்று வளைவு பார்த்தோம். மூதூரில் இருந்து வரும் ஒப்சேவர், நாங்கள் நானா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், கிண்ணியா சுற்றி வர எண்ணெய் போதாமல், பஸ்ஸில் வந்தார். யாரும் அவரை வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவருக்கு நாம் ஒரு சதம் கொடுத்ததும் இல்லை.

இப்போது 150 சிசி என்ற கோட்டுக்கு வருகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள்ளே மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. அந்த 70ஐ என் ஸ்கூட்டி தாராளமாகத் தொடும். லைசனிலும் 100 சிசி வரை ஒரு வகுப்பு, அதற்கு மேல் ஒரு வகுப்பு என்றுதான் இருக்கிறது. 150 என்ற எண் எங்கிருந்து வந்தது? அறிவித்தலில் காரணம் இல்லை. செவிவழியாக நான் கேட்டது இரண்டு. ஒன்று, அனுசரணை தர முன்வந்திருக்கிற ஒரு நிறுவனம் படங்களில் பெரிய வண்டிகள் தெரிய வேண்டும் என்று விரும்புகிறது. இரண்டாவது, சின்ன வண்டிகளால் நெடும்பயணத்தில் வேகம் குறைகிறது.

இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் ஒரு லொறியை முந்த வேண்டுமென்றால் 110 சிசிக்கு நீளமான இடைவெளி தேவை. பெரிய வண்டிகளின் நடுவில் ஸ்கூட்டியில் போவது எனக்கும் சிரமம், அவர்களுக்கும் சிரமம். அந்தப் பயணங்களுக்கு மட்டும் ஒரு அளவு வையுங்கள். நானே கையைத் தூக்கி ஆதரிப்பேன். ஆனால் நெடும்பயணத்துக்குரிய ஒரு அளவைக் கொண்டுவந்து, மைதானத்தில் பிரேக் பழக்குகிறவரின் மேல் ஏன் வைத்தீர்கள்? நம் நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேல் சாகிறார்கள், அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான் அதிகம். அப்படிப் போகிறவர்கள் ஓட்டுவது எந்த வண்டி என்று எந்தச் சந்தியிலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நூறும் நூற்றுப்பத்தும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். 2025இல் திறந்த பிறகும் 150 சிசி வாங்குவது என் சம்பளத்தில் நடக்கிற காரியம் இல்லை, மீன்காரத் தம்பிக்கும் நடக்காது. அவர்கள் ஓட்டும் வண்டியையே ஓட்டி, அதில் நின்று காட்டுகிற ஒருவர் சொன்னால்தான் அவர்களுக்குக் காதில் ஏறும்.

சின்ன வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரிகிற விசயங்களும் உண்டு. கிண்ணியாப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஒக்டோபரில் திறந்த பாலம், 396 மீற்றர், இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலத்தின் நடுவில் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பாரமான வண்டிக்கு அது ஒரு தட்டு, எனக்கு அரை மீற்றர் நகர்வு. எதிரே பஸ் வரும்போது அந்த அரை மீற்றர்தான் எல்லாம். அதனால் பாலத்தில் ஏறுமுன்பே காற்று வரும் பக்கத்தில் இடம் எடுத்து, தோளைத் தளர்த்தி, பிடியை இறுக்காமல் போகச் சொல்லிக்கொடுக்கிறோம். பயத்தில் பிடியை இறுக்கினால் காற்றின் ஒவ்வொரு அடியும் கை வழியாகச் சக்கரத்துக்குப் போகும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் மூதூர் நானா. அவருடையது பழைய 100 சிசி.

அடுத்தது போசன் போயா விடுமுறையில் நடந்த பயணம். அதில் நடந்த பிழையைப் பற்றிக் கழகத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன்.

தம்புள்ளைக்குப் போய்வந்த பயணம். பத்தொன்பது வண்டிகள். நாம் பத்து வருடமாகப் பின்பற்றிய ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒருவர் வழிநடத்துவார். ஒவ்வொரு சந்தியிலும் இரண்டாவதாக வருகிறவர் நின்று வழி காட்டுவார், கடைசி வண்டி வந்து சேரும் வரை அசைய மாட்டார். கடைசி வண்டி என்பது ஒரு ஒப்சேவர். மஞ்சள் மேலங்கி போட்டிருப்பார். கருவிப் பெட்டி, அறுந்த செயினை இணைக்கும் செயின் லொக், பஞ்சர் சாமான், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம் இருக்கும். எவருக்கு என்ன நடந்தாலும் அவரைத் தாண்டி எதுவும் பின்னால் விடுபடாது. அந்தப் பயணத்தில் சந்தியில் நிற்கவும் ஆள் போடவில்லை, கடைசி வண்டியும் போடவில்லை. எல்லோரிடமும் போனில் வரைபடம் இருக்கிறது, எதற்குக் கடைசி வண்டி என்று சொல்லப்பட்டதாக அறிந்தேன்.

பின்னேரம் ஆறு பத்துக்கு என் போன் அடித்தது. பாலையூற்றுப் பையன், இருபது வயது, போன வருடம் என்னிடம்தான் பழகினான்.

"மிஸ்ஸி, செயின் அறுந்துட்டுது. நான் தனியாத்தான் நிக்கிறன்."

"எங்கயடா?"

"அலுத்ஓயாவுக்குக் கிட்ட. ஒருத்தரும் திரும்பி வரேல்ல. போனில ஒன்பது வீதம்தான் சார்ஜ் இருக்கு."

அலுத்ஓயா எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுது சாயும் நேரம் யானை வீதியைக் கடக்கிற காடு. வண்டியைத் தாரிலிருந்து இறக்கி வை, காட்டோரம் போகாதே, வெளிச்சம் இருக்கும்போதே ஆள் நடமாட்டம் உள்ள கடைப் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நட, இனி எவருக்கும் போன் எடுக்காதே, சார்ஜை வைத்துக்கொள் என்றேன். பிறகு பயணத்தில் போன நாலு பேருக்கு அடித்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாமவர் எடுத்தார். அவர்கள் கந்தளாயில் தேநீர் குடித்துவிட்டுத் தம்பலகாமத்தையும் தாண்டியிருந்தார்கள். தேநீர்க் கடையில் நின்ற நேரத்தில் வண்டிகளை எவரும் எண்ணவில்லை. கடைசியில் கந்தளாய்க்கு நெல் ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரர் ஒருவர் பையனையும் வண்டியையும் ஏற்றினார். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தான். அதுவரை அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் இருந்தார். நான் அவருக்கு என்ன சொல்ல?

அடுத்த நாள் குழுவில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் எழுதினார்: "வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் பயணத்துக்கு வரக்கூடாது." அவனிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் அதற்குப் பிறகு கழகத்துக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்ததுதான் உங்கள் 150 சிசி அறிவித்தல். அந்த மாலையிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு இதுவா? சின்ன வண்டியால்தான் பிரச்சினை என்றா? 19 வண்டியில் 18தான் வந்தது என்று கவனிக்க ஒரு ஆள் இல்லாமல் போனது எப்படி என்று உங்களில் ஒருவர்கூட எழுப்பவில்லையே. அதைக் கவனிக்க வேண்டிய வேலையைச் செய்துவந்தவர்களைத்தான் இப்போது வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

தலைமை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் சொல்வது ஒன்று: "நாங்கள்தான் தனியாகச் சுமக்கிறோம், யாரும் முன்வருவதில்லை." அந்தக் களைப்பை நான் மதிக்கிறேன். அனுமதி எடுக்க, பொலிசுக்குக் கடிதம் கொடுக்க, கணக்கு எழுத என்று நீங்கள் ஓடியதை நேரில் பார்த்திருக்கிறேன். தலைவர் தன் மகளின் பிறந்தநாளன்று மைதான அனுமதிக்காக அரை நாள் அலுவலக வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் முன்வரவில்லை என்பது சரியில்லை. 2023இல் வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, கணக்கு எழுதுவதை நான் பொறுப்பெடுக்கிறேன் என்று எழுத்தில் கேட்டார். மூன்று தடவை நினைவூட்டினார். பதிலே இல்லை. இப்போது அவர் ஒரு விளையாட்டுக் கழகத்துக்குக் கணக்கு எழுதுகிறார். போன வருடம் இரண்டு பெடியன்கள், பயணங்களுக்கு முன்கூட்டியே வழி பார்த்து மணல் எங்கே, வேலை நடக்கிற இடம் எங்கே என்று குறித்துத் தருகிறோம் என்றார்கள். "பார்ப்போம்" என்றீர்கள். பார்க்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவன் நாலாம் தடவை கேட்க மாட்டான். அதைப் பார்த்துவிட்டு ஊரில் தொண்டு செய்ய ஆளில்லை என்று நினைக்கிறீர்கள்.

நம் கழக விதிகளைச் சொல்லும் யாப்பு ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம் வேண்டும் என்கிறது. கடைசிக் கூட்டம் 2022இல் நடந்தது. செயற்குழுவின் காலம் இரண்டு வருடம், அது எப்போதோ முடிந்துவிட்டது. ஒன்பது பேரில் நாலு பேர்தான் இயங்குகிறீர்கள், வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை. ஒப்சேவர் தகுதியை மாற்ற வேண்டுமென்றால் பொதுச்சபையின் ஒப்புதல் வேண்டும் என்றும் அதே யாப்பில் இருக்கிறது. பெரியவர் அந்த வரியைக் கையால் எழுதிச் சேர்த்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். ஆகவே உங்கள் அறிவித்தலுக்கு யாப்பில் இடமில்லை. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. உங்களுக்கே தெரிந்த விசயத்தை நினைவூட்டுகிறேன்.

அறிவித்தல் வந்த இரவு மூதூர் நானா தன் மருமகனின் கலியாண வீட்டில் இருந்தார். பதினோரு வருடம் செய்த வேலை முடிந்துவிட்டது என்பதைச் சாப்பாட்டுப் பந்தலில் போனைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு வழமை போல ஆறரைக்கு மைதானத்துக்கு வந்தார். என்னிடம் ஒரு பையைத் தந்தார். உள்ளே மஞ்சள் மேலங்கி. தோய்த்து, ஸ்திரி போட்டு, கலியாணச் சட்டை மாதிரி மடித்து வைத்திருந்தார். தோளில் கிழிந்திருந்த இடத்தை அவர் மனைவி மஞ்சள் நூலால் தைத்திருந்தார். "கழகத்துச் சாமான், கழகத்துக்கிட்ட குடுத்துருங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்திருந்த ஆறு பிள்ளைகளும் பயிற்சி இல்லை என்று தெரியாமல் ஹெல்மெட்டோடு நின்றார்கள். நானா அவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

150 சிசி விதியை உடனே திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதை, நீக்கிய அதே குழுவில், எல்லோரும் பதில் எழுதக்கூடிய விதத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அறிவியுங்கள். ஒப்சேவருக்குத் தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடுமையான தகுதி வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஒவ்வொருவரையும் இரண்டு பேர் பின்னால் வந்து பார்த்து மதிப்பிடட்டும், ஓட்டம் சரியில்லாதவர் விலகட்டும். முதல் ஆளாக நான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை வரும் வாரமே தொடங்குங்கள். மாரி தொடங்க அதிக நாள் இல்லை. முதல் மழையில் எண்ணெய் மிதக்கிற தாரில் நம் பிள்ளைகள் ஓடத்தான் போகிறார்கள். காய்ந்த வீதியில் முன்வண்டிக்கு விடுகிற இரண்டு நொடி இடைவெளியை மழையில் நாலாக்கு என்று அவர்களுக்கு அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். நெடும்பயணங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசி வண்டியும் சந்தியில் நிற்பவரும் இல்லாமல் கழகத்தின் பெயரில் ஒரு பயணமும் புறப்படக் கூடாது. நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் வண்டிகளை எண்ண வேண்டும். இதை எழுத்தில் வையுங்கள். பாலையூற்றுப் பையனின் வீட்டுக்கு உங்களில் இருவர் போய் அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேளுங்கள்.

இரண்டு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். மூன்று வாரத்துக்கு முன் அறிவித்தல், மூன்று வருடக் கணக்கறிக்கை, எல்லாப் பதவிக்கும் தேர்தல். அனுசரணை நிறுவனத்தோடு என்ன பேசப்பட்டது என்பதையும் அந்தக் கூட்டத்தில் வையுங்கள். செயற்குழுவில் ஒரு இடம் ஒப்சேவர்கள் தாங்களே தெரிவுசெய்கிற ஒருவருக்கு வேண்டும். அந்த இடத்துக்கு நான் போட்டியிட மாட்டேன் என்று இப்போதே எழுதித் தருகிறேன். கணக்கெழுத வந்த தங்கச்சியையும் வழி பார்க்க வந்த பெடியன்களையும் கூட்டத்துக்கு முன்னமே நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. நானாவின் மேலங்கி என் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அவர் சொன்னபடி அதைக் கழகத்திடம் கொடுக்கத்தான் வேண்டும். தலைவர் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிக்கொண்டு மூதூருக்குப் போய், அவர் கையில் திருப்பிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வரச் சொல்லிக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
2018இலிருந்து ஒப்சேவராக இருந்துவரும் உறுப்பினர்,
உப்புவெளி, திருகோணமலை